மனு தள்ளுபடி: பள்ளிக்கூடத்தில் அஞ்சு வருஷம் காலியாக இருந்த ஒரு நாற்காலி

இந்த எபிசோடை ஒரு தேதியிலிருந்து ஆரம்பிக்கலாம். 2016 அக்டோபர் 3, திங்கட்கிழமை. தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்க அதுதான் கடைசி நாள். வாக்குப்பதிவு அக்டோபர் 17, 19 என்று ஏற்கெனவே அறிவிச்சாச்சு. ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு நகராட்சிகள், சென்னை மாநகராட்சியோட சேர்ந்துட்ட அம்பத்தூர், சுத்தியிருக்கிற ஊராட்சிகள் என்று எல்லா இடத்துலயும் மனு வாங்கி முடிச்சாச்சு.

அடுத்த நாள், அக்டோபர் 4. சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தல் அறிவிப்பையே ரத்து செய்தது. கொடுத்த மனுக்கள் எல்லாம் வெறும் காகிதமாகிப் போச்சு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்கள் அடுத்த கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க 2022 பிப்ரவரி வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு தேர்தலில் யார் நிக்கலாம்? அதை யார் முடிவு பண்றாங்க? அந்த முடிவு தப்புன்னா எப்போ கேள்வி கேக்கலாம்? கேக்கிறதுக்கு சட்டப் புத்தகத்துக் கேள்விகள் மாதிரி இருக்கும். ஆனா இதுக்கான பதில் உங்க தெருவுல இருக்கிற அரசுப் பள்ளிக்கூடம் வரைக்கும் போகுது. அது எப்படின்னு பார்க்கலாம்.

நம்ம ஊர்ல ஸ்கூல் போர்டு எங்க இருக்கு?

அமெரிக்க சீரியல் பார்க்கிறவங்களுக்கு ‘ஸ்கூல் போர்டு எலெக்‌ஷன்’ தெரிஞ்சிருக்கும். ஊர்ப் பள்ளிகளை நடத்த ஒரு குழு, அதுக்குத் தனியாக ஒரு தேர்தல். நம்ம ஊர்ல அப்படி ஒரு தேர்தல் கிடையாது. அரசுப் பள்ளிகளைக் கல்வித் துறை நடத்துது, சென்னை மாநகராட்சிக்கு சொந்தப் பள்ளிகள் இருக்கு, கிராமப் பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் இருக்கு.

ஆனா ஸ்கூல் போர்டுக்கு ரொம்பப் பக்கத்துல வர்ற ஒண்ணு நம்மகிட்ட உண்டு. பள்ளி மேலாண்மைக் குழு. ‘எஸ்.எம்.சி.’ன்னு சொல்வாங்க. 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு இதைக் கொண்டுவந்தது. அந்தப் பிரிவுப்படி குழுவில் மூணு தரப்பு இருக்கணும்: பிள்ளைகளோட பெற்றோர், ஆசிரியர்கள், உள்ளாட்சி அமைப்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள். நாலில் மூணு பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்கணும். பாதிப் பேர் பெண்களாக இருக்கணும். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுறது, பள்ளிக்கு வர்ற பணம் எப்படிச் செலவாகுதுன்னு கண்காணிக்கிறது எல்லாம் இவங்க வேலை.

இதுல மூணாவது தரப்பை மட்டும் மனசுல வச்சுக்கோங்க: உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி. கழிவறைக்குத் தண்ணீர் வரலை, பள்ளி வாசல்ல குப்பை அள்ளலை, முன்னாடி தெருவிளக்கு எரியலைன்னா, இதெல்லாம் தலைமை ஆசிரியர் கையில இருக்கிற விஷயம் இல்லை. நகராட்சி வேலை. நகராட்சிக் கூட்டத்துல எழுந்து பேசக்கூடிய ஒருத்தர் பள்ளிக் குழுவிலும் உட்காரணும் என்பதுதான் அந்த நாற்காலிக்குக் காரணம்.

அந்த நாற்காலிக்கு ஆள் வரணும்னா முதல்ல உள்ளாட்சித் தேர்தல் நடக்கணும். அது நடக்கணும்னா ‘யார் நிக்கலாம்’ என்ற கேள்வி தீர்ந்திருக்கணும்.

லண்டன்: ஜெயிச்ச பிறகு தள்ளுபடி

இந்தக் கேள்வியோட பழைய கதை ஒண்ணு லண்டன்ல இருக்கு. 1870-ல் இங்கிலாந்து ஒரு தொடக்கக் கல்விச் சட்டம் போட்டு, ஊர் ஊருக்கு ஸ்கூல் போர்டு கொண்டுவந்தது. அப்போ பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தல்ல ஓட்டு கிடையாது. ஆனா இந்தச் சட்டத்தில் ஸ்கூல் போர்டுக்குப் பெண்கள் போட்டியிடத் தடை இல்லை. உள்ளூர் வரி கட்டுற பெண்கள் ஓட்டும் போடலாம்.

1870 நவம்பர்ல நடந்த முதல் லண்டன் ஸ்கூல் போர்டு தேர்தல்ல எலிசபெத் காரெட் என்ற மருத்துவர் மேரிலபோன் பகுதியில் நின்னார். 47,000-க்கும் மேல வாக்கு வாங்கி அந்தப் பகுதியில் முதலிடம். இன்னொரு பகுதியில் எமிலி டேவிஸ் ஜெயிச்சார். 1888-ல் டவர் ஹேம்லெட்ஸ் பகுதியில் ஜெயிச்சவர் அன்னி பெசன்ட். ஆமா, நம்ம அடையாறு பிரம்மஞான சபைக்குத் தலைவராக இருந்த, பெசன்ட் நகர் என்று நாம பேர் வச்சிருக்கிற அதே அன்னி பெசன்ட்தான்.

அதுக்கு அடுத்த வருஷம், 1889 ஜனவரியில், லண்டன் கவுன்ட்டி கவுன்சில் என்ற புது அமைப்புக்குத் தேர்தல் நடந்தது. ஸ்கூல் போர்டுல பெண்கள் உட்காரும்போது இதுல ஏன் கூடாதுன்னு லேடி சேண்ட்ஹர்ஸ்ட் பிரிக்ஸ்டன் பகுதியில் நின்னு ஜெயிச்சார். தோத்தவர் பெரஸ்ஃபோர்ட் ஹோப். அவர் நீதிமன்றம் போனார். இந்தச் சட்டத்தில் பெண்கள் போட்டியிடலாம்னு எங்க எழுதியிருக்குன்னு கேட்டார். நீதிமன்றம் அவர் பக்கம் நின்னது. லேடி சேண்ட்ஹர்ஸ்டுக்கு விழுந்த ஓட்டெல்லாம் வீண் ஓட்டு என்று ஆச்சு. தோத்தவர் கவுன்சிலர் ஆனார்.

இதுல இன்னொரு விஷயம் நடந்தது. 1902-ஆம் ஆண்டு கல்விச் சட்டமும், லண்டனுக்கு அடுத்த வருஷம் வந்த சட்டமும் ஸ்கூல் போர்டுகளையே ஒழிச்சுட்டு, பள்ளிகளைக் கவுன்சில்கள் கையில கொடுத்தன. அந்தக் கவுன்சில்களில்தான் பெண்கள் நிக்க முடியாதே! பள்ளிகளை நடத்துற பதவிக்கு முப்பது வருஷத்துக்கு மேல போட்டியிட்டு ஜெயிச்சவங்க, ‘பெண்கள் நிக்கக்கூடாது’ன்னு யாரும் புதுசா சட்டம் போடாமலேயே வெளியே போனாங்க. கவுன்சிலில் போட்டியிட பெண்களுக்கு வழி விடுற சட்டம் 1907-ல்தான் வந்தது.

நம்ம பக்கத்துலயும் இதே மாதிரி ஒரு இடைவெளி இருந்தது. 1921-ல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைச்சது. ஆனா சட்டசபைக்குப் போட்டியிட 1926 வரை வழியில்லை. அந்த வருஷம் கமலாதேவி சட்டோபாத்யாய் நின்னு தோத்தார். முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகத்தான் உள்ளே போனார். ஓட்டுப் போடத் தகுதி வேற, நிக்கத் தகுதி வேற என்று சட்டம் ரொம்ப நாள் பிரிச்சு வச்சிருந்தது.

லண்டன் வழக்கில் ஒரு விஷயத்தைக் குறிச்சுக்கணும். லேடி சேண்ட்ஹர்ஸ்ட் மேல இருந்த கேள்வி தேர்தல் முடிஞ்ச பிறகுதான் நீதிமன்றத்துக்குப் போச்சு. மக்கள் அவருக்கு ஓட்டுப் போட முடிஞ்சது. அது கைவிட்டுப் போனாலும், அவங்க யாரைக் கேட்டாங்கன்னு ஊருக்குத் தெரிஞ்சது. அடுத்து வரப்போறவருக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கலை.

நாமக்கல்: நிக்கிறதுக்கு முன்னாடியே தள்ளுபடி

1951-ன் கடைசி. சுதந்திர இந்தியாவோட முதல் பொதுத் தேர்தல். சேலம் மாவட்டம் நாமக்கல் தொகுதியில் சென்னை சட்டமன்றத்துக்குப் போட்டியிட என்.பி. பொன்னுசாமி மனு கொடுத்திருந்தார். நவம்பர் 28-ஆம் தேதி பரிசீலனையில் தேர்தல் அதிகாரி அதைத் தள்ளுபடி செய்தார்.

பொன்னுசாமி சென்னை உயர் நீதிமன்றம் போனார். அவர் கேட்டது ரொம்பச் சாதாரணமானது: அதிகாரி பண்ணது தப்பு, ரத்து செஞ்சு என் பேரைப் பட்டியல்ல சேருங்க. உயர் நீதிமன்றம் இதுல தலையிட முடியாதுன்னு சொல்லிடுச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் போச்சு. 1952 ஜனவரி 21-ல், நாட்டில் வாக்குப்பதிவு இன்னும் நடந்துகிட்டிருக்கும்போதே, ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பு சொன்னது. எழுதினவர் நீதிபதி ஃபசல் அலி.

அரசியல் சட்டத்தின் 329-ஆவது பிரிவு ஒரு விஷயத்தைச் சொல்லுது. தேர்தலை எதிர்த்து கேள்வி கேக்கணும்னா, அதுக்குன்னு இருக்கிற தேர்தல் மனு வழியா மட்டும்தான் கேக்க முடியும். இங்கே ‘தேர்தல்’ன்னா எது? வாக்குப்பதிவு நாள் மட்டுமா? இல்லைன்னு நீதிமன்றம் சொன்னது. அறிவிப்பு வந்த நிமிஷத்துல இருந்து முடிவு அறிவிக்கிற வரைக்கும் எல்லாமே தேர்தல்தான். மனு தள்ளுபடியும் அதுக்குள்ளதான் வருது. அதனால நடுவுல நீதிமன்றம் வர முடியாது. எல்லாம் முடிஞ்ச பிறகு தேர்தல் மனு போடுங்க.

காரணமும் சொன்னாங்க. தேர்தல் குறிச்ச நேரத்துல முடியணும். ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு வழக்குன்னு ஆரம்பிச்சா சட்டமன்றமே உருவாகாது. போட்டியிடுற உரிமையே சட்டம் கொடுக்கிறதுதான், அதனால அதுக்கான பரிகாரமும் சட்டம் சொல்ற வழியிலதான் கிடைக்கும்.

யோசிச்சுப் பார்த்தா இந்த வாதத்துல பலம் இருக்கு. இத்தனை தொகுதி, இத்தனை வேட்பாளர், ஒவ்வொருத்தரும் தடை ஆணை வாங்கினா என்ன ஆகும்? ஆனா பொன்னுசாமி பக்கத்துல இருந்து பார்த்தா? தேர்தல் முடிஞ்சு வழக்கு போட்டு ஜெயிச்சாலும், அந்த ஜனவரி மாசத்து ஓட்டு அவருக்குத் திரும்பக் கிடைக்காது.

இந்தத் தீர்ப்பு அதோட நிக்கலை. 1990-களில் 73, 74-ஆவது திருத்தங்கள் பஞ்சாயத்து, நகராட்சிகளுக்கு அரசியல் சட்ட அந்தஸ்து கொடுத்தபோது, இதே தடுப்பு 243-ஓ, 243-இசட்ஜி என்ற பிரிவுகளாக உள்ளாட்சிக்கும் வந்தது. இன்னைக்கு ஆவடியில் ஒரு வார்டு வேட்பாளரோட மனு தள்ளுபடி ஆனாலும், அவருக்குக் கிடைக்கிற முதல் பதில் நாமக்கல் பதில்தான்: தேர்தல் முடியட்டும்.

பரிசீலனை மேஜையில் என்ன நடக்குது?

இது உங்களுக்குப் பழக்கமான கதையாகவும் இருக்கலாம். 2017 டிசம்பர், ஆர்.கே. நகர் இடைத்தேர்தல். நடிகர் விஷால் சுயேச்சையாக மனு கொடுத்தார். சுயேச்சைன்னா பத்து பேர் முன்மொழியணும். அதுல ரெண்டு கையெழுத்து தங்களோடது இல்லைன்னு சர்ச்சை வந்தது. மனு ஏத்துக்கிட்டாச்சுன்னு ஒரு செய்தி, அப்புறம் தள்ளுபடின்னு ஒரு செய்தி. டிசம்பர் 5-ஆம் தேதி இரவுக்குள்ள அவர் போட்டியில இல்லை. அது சட்டமன்றத் தேர்தல்தான், ஆனா தள்ளுபடி என்ற விஷயம் எவ்வளவு வேகமா நடக்கும்னு எல்லாரும் டிவியில நேரடியாப் பார்த்த நாள் அது.

இந்த மேஜையில அதிகாரிக்கு எவ்வளவு சுதந்திரம் இருக்கு? சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலுக்கான மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ல் 36-ஆவது பிரிவு இதைப் பேசுது. முக்கியமில்லாத குறைகளுக்காக மனுவைத் தள்ளக்கூடாது. ஆட்சேபம் வந்தா பதில் சொல்ல வேட்பாளருக்கு நேரம் கொடுக்கலாம், அதிகபட்சம் அடுத்த நாளுக்கு மறுநாள் வரை. தள்ளுபடி செஞ்சா காரணத்தை எழுத்துல பதிவு செய்யணும்.

அதே சட்டத்தோட 100-ஆவது பிரிவுல ஒரு சுவாரசியமான வித்தியாசம் இருக்கு. தகுதியில்லாதவரோட மனுவைத் தப்பா ஏத்துக்கிட்டா, அது முடிவைப் பாதிச்சதுன்னு நிரூபிச்சாதான் பெரும்பாலும் தேர்தல் செல்லாமப் போகும். ஆனா ஒரே ஒரு மனுவைத் தப்பா தள்ளுபடி செஞ்சிருந்தாலும் போதும், அந்தத் தேர்தல் செல்லாது. அவருக்கு எத்தனை ஓட்டு விழுந்திருக்கும்னு யாரும் கணக்கு பண்ண முடியாது, அதனாலதான்.

அப்போ சட்டத்துக்கே தெரியும், தப்பா உள்ளே விடுறதைவிட தப்பா வெளியே நிறுத்துறது பெரிய குத்தம்னு. ஆனா அந்தக் குத்தத்தைச் சரி பண்ண முடியறது எல்லாம் முடிஞ்ச பிறகு.

உள்ளாட்சித் தேர்தல்ல இந்த மேஜை இன்னும் சின்னது, வேகம் இன்னும் ஜாஸ்தி. 2022 தேர்தலையே எடுத்துக்கோங்க. மனு தாக்கல் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை. பரிசீலனை பிப்ரவரி 5. வாபஸ் பிப்ரவரி 7. வாக்குப்பதிவு பிப்ரவரி 19. மாநிலம் முழுக்க வந்த 74 ஆயிரத்துக்கும் அதிகமான மனுக்கள்ல சுமார் 2,000 தள்ளுபடி. பரிசீலனைக்கும் இறுதிப் பட்டியலுக்கும் நடுவுல ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இதுல என்னென்ன கேள்வி வரும்? வயசு 21 ஆச்சா? பேர் அந்த ஊர் வாக்காளர் பட்டியல்ல இருக்கா? முன்மொழியறவர் அந்த வார்டு வாக்காளரா? வார்டு பெண்களுக்கு ஒதுக்கினதா, பட்டியல் சாதிக்கு ஒதுக்கினதா? சாதிச் சான்றிதழ் சரியா இருக்கா? நகராட்சியோட காண்ட்ராக்ட் எதுவும் வச்சிருக்காரா? ஒரே தெருவோட இந்தப் பக்கம் ஒரு வார்டு, அந்தப் பக்கம் வேற வார்டுன்னு இருக்கிற புறநகர்ல, முன்மொழிய வந்தவர் ரோட்டைத் தாண்டி இருந்தாலே மனு சிக்கலாயிடும்.

2016: ஒருத்தருக்கு இல்லை, எல்லாருக்கும் தள்ளுபடி

இப்போ அக்டோபர் 4-க்குத் திரும்பி வருவோம். அந்த வழக்கைப் போட்டவர் தி.மு.க.வைச் சேர்ந்த ஆர்.எஸ். பாரதி. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாச் செய்யலைன்னு சொன்னார். இட ஒதுக்கீடுன்னா என்ன? எந்த வார்டுல யார் நிக்கத் தகுதி உள்ளவங்கன்னு முடிவு பண்றது. அதனால இது ஒரு வேட்பாளரோட தகுதி பத்தின சண்டை இல்லை. மொத்த மாநிலத்தோட தகுதிப் பட்டியல் பத்தின சண்டை. அந்த வருஷம் பிப்ரவரியிலதான் உள்ளாட்சியில் பெண்களுக்கான இட ஒதுக்கீட்டை 33-ல் இருந்து 50 சதவீதமா உயர்த்தி சட்டம் வந்திருந்தது. யார் எங்க நிக்கலாம் என்ற வரைபடமே மாறிக்கிட்டிருந்த நேரம்.

நீதிபதி என். கிருபாகரன் அறிவிப்பை ரத்து செஞ்சு, டிசம்பர் 31-க்குள்ள தேர்தலை நடத்தச் சொன்னார். குத்தப் பின்னணி உள்ளவங்க வேட்பாளராகிறது பத்தியும் அந்தத் தீர்ப்பு பேசியது. நாமக்கல் தீர்ப்புப்படி பார்த்தா அறிவிப்பு வந்த பிறகு நீதிமன்றம் உள்ளே வரக்கூடாது. இங்கே வந்தது. சொன்ன காரணமும் சாதாரணமானது இல்லை. பழங்குடி மக்களுக்கு அரசியல் சட்டம் ஒதுக்கின இடம் அவங்களுக்குப் போகணும்.

ஆனா அந்த டிசம்பர் 31 வந்து போச்சு. உள்ளாட்சி அமைப்புகள் தனி அலுவலர்கள் கைக்குப் போச்சு. ஆறு மாசம், அப்புறம் இன்னொரு ஆறு மாசம்னு அவங்க பதவிக்காலம் நீண்டுகிட்டே போச்சு. நடுவுல வார்டு மறுவரையறை, அதுக்கு வழக்கு, புது மாவட்டங்கள், அதுக்கு வழக்கு. 2019 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம், பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களைத் தவிர மத்த இடங்கள்ல ஊரகத் தேர்தலை நடத்தலாம்னு சொன்னது. அந்த மாசம் 27, 30 தேதிகள்ல நடந்தது. திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களும் அதுல ஓட்டுப் போட்டாங்க. நகரங்களுக்கு அப்பவும் இல்லை.

இந்த இடைவெளி எவ்வளவு பெருசுன்னு ஆவடியை வச்சுப் பார்த்தா புரியும். 2019 ஜூன்ல ஆவடி நகராட்சி மாநகராட்சியா உயர்ந்தது. நகரத்தோட அந்தஸ்தையே மாத்துற முடிவு. அன்னைக்கு ஆவடியில் மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் ஒருத்தர்கூட கிடையாது.

காலி நாற்காலி

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டம் கேட்டது ‘தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி’. 2016 அக்டோபர்ல இருந்து 2022 மார்ச் வரை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் அப்படி ஒருத்தர் இல்லை. இருந்தவர் தனி அலுவலர், அரசு நியமிச்ச அதிகாரி. பள்ளி மேலாண்மைக் குழுவில் சட்டம் போட்டு வச்சிருந்த அந்த நாற்காலிக்கு உட்கார ஆள் இல்லாம அஞ்சு வருஷத்துக்கு மேல ஓடிடுச்சு. அந்த இடைவெளியிலதான் கொரோனாவும் வந்தது, பள்ளிகள் மாசக்கணக்கா மூடிக் கிடந்ததும் நடந்தது.

ஒண்ணாம் வகுப்புல 2016-ல் சேர்ந்த ஒரு பிள்ளை, தன் தொடக்கப் பள்ளி முழுசையும் அப்படியே முடிச்சுட்டு ஆறாம் வகுப்புக்குப் போயிட்டா. அவ வார்டுக்கு அப்பவும் கவுன்சிலர் இல்லை.

2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடந்தது. ஆவடி மாநகராட்சியோட 48 வார்டுகளும் முதல் தடவையா கவுன்சிலர்களை அனுப்பின. மார்ச் 2-ல் பதவியேற்பு, மார்ச் 4-ல் மேயர் தேர்வு. அதே மார்ச் 20-ஆம் தேதி அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடத்தி, அடுத்த சில மாசங்கள்ல பள்ளி மேலாண்மைக் குழுக்களை மறுபடி கட்டமைச்சாங்க. 20 பேர் குழு. அதுல 15 பேர் பெற்றோர். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு இடம் இருந்தது, இந்தத் தடவை உட்கார ஆளும் இருந்தாங்க.

பெற்றோர் இடத்துக்கு என்ன தகுதி தெரியுமா? உங்க பிள்ளை அந்தப் பள்ளியில படிக்கணும். அவ்வளவுதான். டெபாசிட் இல்லை, முன்மொழியறவர் இல்லை, பட்டப்படிப்பு இல்லை. வீட்டுவேலை செய்யற அம்மாவும் நிக்கலாம், கையெழுத்துப் போடத் தெரியாத அப்பாவும் நிக்கலாம்.

இது தானா வந்த விஷயம் இல்லை. 2015-ல் ஹரியானா பஞ்சாயத்துத் தேர்தலுக்குப் படிப்புத் தகுதி கொண்டுவந்தது. பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதி ஆண்களுக்கும் எட்டாம் வகுப்பு, பட்டியல் சாதிப் பெண்களுக்கு வார்டு உறுப்பினர் பதவிக்கு அஞ்சாம் வகுப்பு. வீட்டுல கழிவறையும் இருக்கணும். ராஜ்பாலா வழக்குல அந்த வருஷம் டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் இதெல்லாம் செல்லும்னு சொல்லிடுச்சு. பள்ளிக்கூடம் கட்டித் தராத அரசு, பள்ளிக்கூடம் போகாதவங்களைத் தகுதியில்லாதவங்கன்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு. முன்னாடி இதே மாதிரி தகுதி வச்ச ராஜஸ்தான் 2019-ல் அதை எடுத்துடுச்சு.

நம்ம பள்ளிக் குழு இதுக்கு நேர் எதிர்த் திசையில நிக்குது. படிக்காத பெற்றோருக்குத்தான் பிள்ளையோட படிப்பு பத்தி அதிகம் கேக்க வேண்டியிருக்குன்னு எடுத்துக்கிட்ட சட்டம் அது.

எப்போ கேட்கலாம்?

மூணு கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. லேடி சேண்ட்ஹர்ஸ்ட் விஷயத்துல மக்கள் ஓட்டுப் போட்ட பிறகு கேள்வி வந்தது. பொன்னுசாமி விஷயத்துல மக்கள் ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடியே கதவு சாத்தியாச்சு, கேள்வி மட்டும் பின்னாடி. 2016-ல் கேள்வி முன்னாடி வந்தது, தேர்தல் பின்னாடி போச்சு, அஞ்சு வருஷத்துக்கு மேல.

எது சரின்னு கேட்டா, என் பதில் இது. தகுதி பத்தின பெரிய கேள்விகள், அதாவது வார்டு எல்லை, இட ஒதுக்கீடு, வாக்காளர் பட்டியல் எல்லாம், தேர்தல் அறிவிப்புக்கு மாசக்கணக்கா முன்னாடியே பொதுவுல வச்சு, ஆட்சேபம் கேட்டு, வழக்கு இருந்தா முடிச்சு வச்சுடணும். அறிவிப்புக்கு ஒரு வாரம் முன்னாடி அரக்கப் பரக்க வெளியிட்டா, நீதிமன்றம் தலையிட்டாலும் தப்பு, தலையிடாட்டியும் தப்புன்னு ஆயிடும். சின்னக் கேள்விகளுக்கு, அதாவது கையெழுத்து, சான்றிதழ், முன்மொழிவுக்கு, பரிசீலனைக்கும் வாபசுக்கும் நடுவுல ஒரு நாலஞ்சு நாள் இருந்தா போதும். தள்ளுபடி ஆனவர் காரணத்தை எழுத்துல வாங்கி, மேல ஒரு அதிகாரிகிட்ட காட்டிப் பதில் வாங்கற நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதுக்குப் பத்தாது.

இது பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2019 டிசம்பர்ல ஓட்டுப் போட்ட மாவட்டங்கள்ல ஊரக உள்ளாட்சிகளோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிஞ்சது. திருவள்ளூர் மாவட்டமும் அதுல ஒண்ணு. பூந்தமல்லி ஒன்றியத்துல இருக்கிற நசரத்பேட்டை, சென்னீர்குப்பம் மாதிரி ஊராட்சிகள்ல மறுபடி தனி அலுவலர்கள் வந்தாங்க. 2022-ல் பதவியேத்த நகர்ப்புற கவுன்சில்களோட அஞ்சு வருஷக் கணக்கு 2027 மார்ச்ல முடியுது.

அதனால கேக்குறவங்க கையில இருக்கிற வேலை ரொம்பச் சின்னது. உங்க பேர் எந்த வார்டு வாக்காளர் பட்டியல்ல இருக்குன்னு இப்பவே பார்த்து வைங்க. வார்டு எல்லை, இட ஒதுக்கீடு பத்தி ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு வந்தா, அதைப் படிங்க. தேர்தல் தேதி வர்றதைவிட அந்த அறிவிப்பு முக்கியம். பக்கத்து அரசுப் பள்ளியில மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போன்னு விசாரிங்க. அங்கே உள்ளாட்சிப் பிரதிநிதியோட நாற்காலியில யார் உட்கார்ந்திருக்காங்க, இல்லை யாருமே இல்லையான்னு கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.